டேஷ்போர்டில் ஒரு ஓட்டை

"சாவியைக் குடுத்துடு" என்று அண்ணன் வந்து நின்றபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய நுரை. இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கொப்பளித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை மேஜைமேல் விரித்து வைத்திருந்தான். சாவி வந்து விழ வேண்டிய இடம் அதுவாம்.

என் அண்ணன் பெரிய உருவம். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு பீரோ என்று பேர். வாசலில் வந்து நின்றால் வீட்டுக்குள் இருட்டிவிடும். நான் எடையில் அவனில் பாதிகூட இல்லை. என்னைச் சில்லு என்பார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அவன் அறுபதை எட்டிப் பார்க்கிறான், இன்னும் அந்தப் பெயர்கள் எங்களை விட்டபாடில்லை.

சண்டை காரைப் பற்றியது. அப்பா விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. தரையோடு தரையாகக் கிடக்கும். மூக்கு நீளமோ நீளம். ஓட்டுகிறவரின் இருக்கை பின்சக்கரத்தை ஒட்டி இருக்கும். உள்ளே உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்கிற பஸ்ஸின் சக்கரம்தான் கண்ணுக்கு நேராகத் தெரியும். அப்பா அதை எங்கள் இருவருக்கும் சமமாக எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டைச் சுவர் எழுப்பிப் பிரிக்கலாம். காருக்கு நடுவில் சுவரா எழுப்ப முடியும்? ஒரு வாரம் அவனுக்கு, ஒரு வாரம் எனக்கு என்று பேசிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை கைமாறும். ஆளுக்கு ஒரு சாவி.

எனக்கு அந்தக் காரைப் பிடிக்கும். இந்த வயதில் உனக்கு எதற்கு அது என்று கேட்டவர்கள் நிறைய. அண்ணனிடம் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. நான் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். மாலை வகுப்பு முடிந்ததும் ஈரத் தலையோடு அதில் ஏறி, கண்ணாடியை இறக்கிவிட்டு வீட்டுக்கு வருவேன். நாள் முழுக்க "காலை உதை, தலையைத் தூக்காதே" என்று கத்தி ஓய்ந்த தொண்டைக்கு அந்த வழிதான் ஓய்வு. அந்த வாரங்களில் நான் மகாராணி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மழைக்காலம் ஆரம்பித்தபோது, என் வாரத்தில், பொழுது சாய்கிற நேரத்தில் சாலை நடுவே இருந்த சிமென்ட் கட்டையில் இடித்துவிட்டேன். இடது பக்க விளக்கு நொறுங்கியது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. நான் அன்றைக்கே சொன்னேன்: "லைட்டு தூரத்துக்குப் போகல அண்ணா. காலடியிலேயே விழுது." அவன் விளக்கைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். "உனக்குக் கண்ணு போயிடுச்சு" என்றான்.

சொன்னதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் போன் போட்டுச் சொன்னான். சித்தி தினமும் கேரட் தின்னச் சொன்னாள். நானும் தின்றேன், மடச்சி. பெரியம்மா மகள் தன் மாமியாருக்குக் கண் அறுவை நடந்த கதையைப் படம் போட்டுச் சொன்னாள். கடைசியில் கண் டாக்டரிடமே போனேன். கிட்டத்தில் படிக்கத்தான் கண்ணாடி வேண்டும், தூரப்பார்வை கழுகுக்குச் சவால் விடும் என்று அவர் சிரித்தார். அதை அண்ணனிடம் சொன்னேன்.

"டாக்டருக்கென்ன, வெளிச்சமா ஒரு அட்டையை வச்சு எழுத்தைப் படிக்கச் சொல்வாரு. ரோட்டுல எழுத்தா இருக்கு?"

இந்த மனுஷனிடம் என்ன பேசுவது?

அவன் சும்மா இருக்கவில்லை. தன் வாரத்தில் காரை லைட்காரரிடம் கொண்டுபோய் இரண்டு பழைய விளக்கையும் கழற்றிவிட்டு, புது எல்.இ.டி. விளக்குகளை மாட்டிக்கொண்டு வந்தான். பளிச்சென்று வெள்ளை வெளிச்சம். பார்த்துப் பார்த்துத்தான் செய்திருந்தான், அதை நான் மறுக்க மாட்டேன். அடுத்த ஞாயிறு சாவியைச் சுழற்றிக் காட்டி, "இனிமே கண்ணை மூடிட்டுக்கூட ஓட்டலாம்" என்றான்.

ஓட்டிப் பார்த்தேன். முன்னைவிட மோசம். காரின் மூக்குக்கு முன்னால் நாடக மேடை போட்ட மாதிரி வெளிச்சம். அதைத் தாண்டினால் கும்மிருட்டு. கிட்டத்தில் அவ்வளவு பளீரென்று இருந்தால் கண் அதற்குப் பழகிவிடுகிறது, தூரம் இன்னும் கறுத்துப்போகிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து வந்தேன். அப்படியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு மனிதர் திடீரென்று முன்னால் முளைத்தார். பிரேக்கை மிதித்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். நான்தான் வீடு வந்து சேரும்வரை இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. அதை அண்ணியிடம் மட்டும் சொன்னேன். அண்ணி பயந்துபோய் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அதனால்தான் அவன் வாரம் முடிந்து மறுபடி என் முறை வருகிற இந்த ஞாயிறு காலை, என் பல் துலக்கும் நேரத்தில், அவன் கை என் மேஜைமேல்.

"நல்ல லைட்டு போட்டாச்சு. அப்பவும் தெரியலைன்னா குறை எங்கன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்" என்றான்.

"லைட்டுலதான் குறை."

"நான் ஓட்டுறப்ப நல்லாத் தெரியுதே."

"எனக்குத் தெரியல."

"அதைத்தான் நானும் சொல்றேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நாளைக்கு யாரையாவது இடிச்சுட்டா என்ன பண்ணுவ? அந்த சைக்கிள்காரரை நெனச்சுப் பாரு."

நினைத்துப் பார்க்காமலா இருந்தேன்? அதுதான் என்னைத் தின்றுகொண்டிருந்தது. அவன் சொல்வது சரியாகவே இருந்துவிட்டால்? டாக்டர் தப்பாகச் சொல்லியிருந்தால்? அந்தப் பயம் வந்த மாத்திரத்தில் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான், இரண்டும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கும்.

"சரி, லைட்டு சரியா இருக்குன்னு என் கண்ணு முன்னாடி காட்டு" என்றேன். "காட்டிட்டா சாவியை உன் கையில குடுத்துடறேன். இனிமே அந்த வண்டிப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஏன் சொன்னோம் என்றிருந்தது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற பழக்கம் எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. அவன் எழுந்தான். நாற்காலி பெருமூச்சு விட்டது.

"லைட்காரர் இன்னைக்கும் கடை திறந்திருப்பாரு. பத்து மணிக்கு வந்து சேரு" என்றான்.

அவனும் அண்ணியும் காரில் போனார்கள். நான் பஸ்ஸில் போனேன்.

லைட்காரரின் கடை ஒரு நீளமான கொட்டகை. முன்பக்கம் இரும்பு ஷட்டர். பின்பக்கச் சுவரை வெள்ளையடித்து, குறுக்கே ஒரு கறுப்பு டேப்பை ஒட்டியிருந்தார். தரை மட்டம் பார்த்துப் போட்ட சிமென்ட். ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும் என்று பெருமையடித்துக்கொள்வார். பழைய விளக்குகள் ஆணிகளில் தொங்கின. ஈயம் பற்றவைத்த வாசனை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். என் சந்தேகத்தை அண்ணன் முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், என்னைப் பார்த்ததும் அவர் முகம் உப்பிக்கொண்டது.

"நான் வச்ச லைட்டும்மா அது. என் லைட்டைக் குறை சொன்னவங்க இதுவரைக்கும் யாரும் இல்ல" என்றார்.

"நான் சொல்றேன்" என்றேன்.

அவர் ஷட்டரை இறக்கினார். உள்ளே பகல் செத்து, மங்கல் மட்டும் மிஞ்சியது. காரைச் சுவருக்கு நேராக நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்தார். பின்னால் சாமான் ஏதாவது இருக்கிறதா என்று திறந்து பார்த்தார். ஒவ்வொன்றையும் எனக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லிக்கொண்டே செய்தார்.

"இப்ப ஓட்டுறவர் உள்ள உக்காரணும். நெறைய பேர் வெறும் வண்டியிலயே லைட்டு மட்டத்தை வச்சு அனுப்பிடுவாங்க. நான் அப்படி இல்ல. ஆள் உக்காராம லைட்டு ஸ்க்ரூவைத் தொடவே மாட்டேன். சார், உக்காருங்க."

அண்ணன் உட்கார்ந்தான். அந்தக் காருக்குள் அவன் நுழைவது தனிக் காட்சி. முதலில் ஒரு கால், பிறகு பின்பக்கம், பிறகு ஒரு முனகல், கடைசியாக மற்றக் கால். காரின் பின்பாதி கிறீச்சென்று இறங்கி அமர்ந்தது. அவன் விளக்கைப் போட்டான்.

இந்தப் புது விளக்கின் வெளிச்சத்துக்கு மேல்விளிம்பு உண்டு. சுவரில் கத்தியால் வெட்டின மாதிரி விழும். அது டேப்போடு ஒட்டி நிற்க வேண்டும். மேலே ஏறினால் எதிரே வருகிறவரின் கண்ணைப் பறிக்கும். கீழே இறங்கினால் நம் காலடியிலேயே விழுந்து கிடக்கும். இந்தக் காரின் விளக்குகளே தரைக்குப் பக்கத்தில் இருப்பதால், கொஞ்சம் இறங்கினாலும் தூரம் அதிகமாகக் குறைந்துபோகும். இதையெல்லாம் லைட்காரர் குச்சியால் சுட்டிக்காட்டி விளக்கினார். சொல்லிவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார்.

வெளிச்சத்தின் விளிம்பு டேப்பின்மேல் படுத்திருந்தது. ஒரு நூல் இப்படி அப்படி இல்லை.

லைட்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணி என்னைப் பார்க்காமல் ஆணியில் தொங்கிய ஒரு பழைய விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளே எல்லாம் விட்டுப்போனது. அப்படியானால் குறை என்னிடம்தான். நாளையிலிருந்து பஸ். ஈரத் தலையோடு பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். அதுகூடப் பெரிதில்லை, இனிமேல் என் கண்ணை நானே நம்ப முடியாது.

ஜன்னல் வழியாக அண்ணன் கையை நீட்டினான். "சாவி" என்றான். கேலி இல்லாமல்தான் சொன்னான், அதுதான் இன்னும் வலித்தது.

நான் பையைத் துழாவினேன். சாவி எங்கே போய்த் தொலைந்ததோ, சீப்பு வந்தது, நீச்சல் தொப்பி வந்தது, சாவி வரவில்லை. அவனுக்குப் பொறுமை போய்விட்டது. கதவைத் திறந்தான். ஒரு காலை வெளியே வைத்து, கூரை விளிம்பைப் பிடித்து, ஊன்றி எழுந்தான். அவன் எழுந்ததும் கார் ஒரு குலுங்கல் குலுங்கிப் பின்பக்கம் உயர்ந்தது. நான் பையிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். அவனுடைய தோளுக்குப் பின்னால் சுவரில் இருந்த வெளிச்சம் டேப்பை விட்டுவிட்டு அலுங்காமல் கீழே இறங்கி நின்றது.

"அண்ணா, மறுபடியும் உக்காரு" என்றேன்.

"எதுக்கு?"

"உக்காருன்னு சொல்றேன்ல."

உட்கார்ந்தான். வெளிச்சம் ஏறியது.

"எழுந்திரு."

"விளையாடுறியா?"

"எழுந்திரு அண்ணா."

எழுந்தான். வெளிச்சம் இறங்கியது. இன்னொரு தடவை உட்காரச் சொன்னேன், எழச் சொன்னேன். அவனுக்கு மூச்சு வாங்கியது. அண்ணிதான் முதலில் சிரித்தாள். "நம்ம வீட்டு சோபாவும் இப்படித்தான், இவர் எழுந்தா நான் அந்தப் பக்கம் உருள்றேன்" என்றாள்.

லைட்காரர் சிரிக்கவில்லை. "பழைய ஸ்பிரிங், கொஞ்சம் ஆடும்" என்று முணுமுணுத்தார். நான் அவரைத் தாண்டிப்போய்க் காரில் ஏறி உட்கார்ந்தேன். இருக்கையில் என் எடை விழுந்ததாகக் காருக்குத் தெரிந்ததா என்பதே சந்தேகம். வெளிச்சத்தின் விளிம்பு டேப்புக்கு மூன்று விரல் கீழேயே நின்றது. அவர் கிட்டே போய் விரலை வைத்துப் பார்த்தார். திரும்பவும் வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழுத்தில் விட்டுவிட்டார்.

"இவ்வளவு இறங்கினா ரோட்டுல பாதி தூரம்கூடப் போகாதும்மா" என்றார். "ஓட்டுறவரை உக்கார வச்சுத்தானே வச்சேன். எப்பவும் அப்படித்தான் வைக்கிறேன்."

"எந்த ஓட்டுறவரை?"

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். பழைய விளக்கையும் அவன்தான் கொண்டுவந்து சரிபார்ப்பான், தன் வாரத்தில், தான் உட்கார்ந்து. இவர் ஸ்க்ரூவைத் திருப்பி அவன் எடைக்கு அச்சாக நிறுத்துவார். இரண்டு பேருமே வேலையில் சுத்தம். இவர்கள் கொஞ்சம் அசட்டையாக, வெறும் வண்டியில் வைத்து அனுப்பியிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். பின்னால் கனம் ஏறினால் மூக்கு தூக்கும், கனம் குறைந்தால் மூக்கு கவிழும். இத்தனை நாளாக அந்தக் கார் என் வாரங்களில் தரையைப் பார்த்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "கேரட் தின்னேன் அண்ணா. கிலோ கிலோவா தின்னேன். சித்திகிட்ட போன் போட்டுச் சொன்னியே, இப்பப் போடு. என் தங்கச்சி கண்ணு போகல, என் ஒடம்புதான் காரணம்னு சொல்லு."

"சரி, சரி, கத்தாத. தெரிஞ்சுபோச்சுல்ல, இனி சரி பண்ணிக்கலாம்" என்றான் அண்ணன். அவன் முகம் சிவந்திருந்தது.

லைட்காரருக்கு உடனே ஒரு வழி தோன்றியது. "ஒரு மூட்டை மணல் போதும்மா. சார் எடைக்கும் உங்க எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டிப் பின்னாடி போட்டுடலாம். உங்க வாரத்துல ஏத்திக்குங்க, சார் வாரத்துல எறக்கிடுங்க."

அண்ணனுக்கு அது பிடித்துப்போனது. "அதான் சுலபம்" என்றான்.

"யாருக்குச் சுலபம்?" என்றேன். "உன்னைத் தூக்கிச் சுமந்துட்டு ஊரெல்லாம் நான் சுத்தணுமா? நீ வண்டியில இல்லாதப்பகூட உன் எடை என் முதுகுக்குப் பின்னாடி உக்காந்திருக்கணுமா?"

"மணல் மூட்டைதானே."

"உன் எடைக்கு மணல் மூட்டை. முடியாது."

அவர் விடவில்லை. "இல்லேன்னா நடுவுல வைக்கலாம். கொஞ்சம் உங்களுக்கு, கொஞ்சம் சாருக்கு."

"அப்ப எனக்கும் சரியாத் தெரியாது, அவன் எதிர்ல வர்றவன் கண்ணையும் குத்துவான். ரெண்டு பேரும் சேர்ந்து குருடாகவா?"

லைட்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். இந்தப் புது விளக்குகளின் பின்னால் குட்டி மோட்டார் இருக்கிறது. உள்ளே டேஷ்போர்டில் ஒரு சின்ன வீலைப் பொருத்தி ஒயரை இழுத்துவிட்டால், ஓட்டுகிறவர் இருந்த இடத்திலிருந்தே வெளிச்சத்தை இறக்கிக்கொள்ளலாம். விளக்கோடு வந்த வீல் இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது.

"அப்ப ஏன் அன்னைக்கே போடல?"

"சார் வேண்டாம்னாரு" என்றார்.

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அது எதுக்குன்னு நான் கேக்கல" என்றான் அவன். "டேஷ்போர்டுல ஓட்டை போடணும்னாரு. அப்பா டேஷ்போர்டு அது. ஒத்தை மரத்துல செஞ்சது. அதுல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். இப்பவும் அதான் சொல்றேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்ப?"

"போடுன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

இதுதான் என் அண்ணன். இவ்வளவு நேர்மையாக அநியாயம் பண்ணுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் காரிலிருந்து இறங்கி, பெட்டியை எடுக்கச் சொன்னேன். லைட்காரர் எடுத்து வந்தார். விரல் நுனியால் உருட்டுகிற ஒரு கறுப்பு வீல், அவ்வளவுதான். இதற்காகவா நான் ஒரு மழைக்காலம் முழுக்கக் குருடியாக இருந்தேன்?

"பாதி கார் என்னோடது" என்றேன். "ஓட்டையை என் பாதியில போட்டுக்கறேன்."

"எது உன் பாதி?"

"நான் உக்கார்ற பாதி."

"நானும் அங்கதான உக்கார்றேன்."

"நல்லதாப் போச்சு, உனக்கும் கை எட்டும்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். லைட்காரர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டீயரிங்குக்கும் கியருக்கும் நடுவே, இரண்டு இருக்கையிலிருந்தும் எட்டுகிற இடத்தில், பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். மரம் பிளக்காமல் இருக்க அதன்மேல் டேப் ஒட்டினார். துளைபோடும் மெஷினையும் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ரெண்டு ஓனர் வண்டி. ரெண்டு பேரும் சரின்னு சொல்லாம நான் தொட மாட்டேன். நாளைக்கு என் தலைதான் உருளும்" என்றார்.

நியாயம்தான். நான் அவர் கையிலிருந்து மெஷினை வாங்கிக்கொண்டேன்.

அது நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்து, முனையைப் பென்சில் வட்டத்தில் வைத்தேன். அண்ணன் மறுபக்கக் கதவைத் திறந்து, உடம்பை உள்ளே நுழைத்து, வட்டத்தின்மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்தான். காலையில் என் மேஜைமேல் விரிந்திருந்த அதே கைதான்.

"அப்பா இருந்தா விடுவாரா?" என்றான்.

"விட மாட்டாரு. திட்டுவாரு. நான் அப்பவும் போடுவேன். கையை எடு."

"எடுக்கலைன்னா?"

"கையோட சேத்துப் போடுவேன்."

நான் விசையை லேசாக அழுத்தினேன். மெஷின் உறுமியது. அவன் என் கண்ணைப் பார்த்தான். பாவம், அவனுக்கு உண்மையிலேயே அந்த மரத்தின்மேல் உயிர். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அழுத்திக்கொண்டிருந்தேன்.

"எடுத்துடுங்க" என்றாள் அண்ணி வெளியிலிருந்து. "அவ போட்டுடுவா."

கையை எடுத்துவிட்டான். எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் மெஷினை நெஞ்சோடு அணைத்து, ஒரு மூச்சைப் பிடித்து அழுத்தினேன். முதலில் முனை வழுக்கி ஓடப் பார்த்தது. பிறகு கவ்வியது. மரத்தூள் என் மடியில் பொழிந்தது. பழைய மரத்தின் வாசனை காருக்குள் எழும்பியது. மறுபக்கம் போய் முனை விடுபட்டபோது என் தோள்பட்டை இரண்டும் நடுங்கின. டேப்பைக் கிழித்துப் பார்த்தேன். வட்டமான, நல்ல ஓட்டை. எனக்குத் துளிக்கூட வருத்தம் வரவில்லை.

மற்றதெல்லாம் லைட்காரரின் வேலை. தலைகீழாகப் படுத்து ஒயரை இழுத்தார், வீலைப் பொருத்தினார், முன்பக்கம் போய் மோட்டார் ஓடும் சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டார். அண்ணன் வெளியே ஒரு பழைய டயரின்மேல் போய் உட்கார்ந்துவிட்டான். வேலை முடியச் சாயங்காலமாகிவிட்டது. கடைசியில் அவர் ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இந்த வீலு வெளிச்சத்தைக் கீழதான் எறக்கும், இருக்கிறதுக்கு மேல ஏத்தாது. அதனால லேசான ஆளை உக்கார வச்சுத்தான் முதல்ல வைக்கணும்" என்றார். "ஏறுங்கம்மா."

ஏறினேன். அவர் காரின் மூக்குக்கு முன்னால் குனிந்து ஸ்க்ரூவைத் திருப்பினார். சுவரில் வெளிச்சம் ஊர்ந்து ஏறியது. நான் அசையாமல், மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தேன், என் எடை கூடிவிடுமோ குறைந்துவிடுமோ என்று பயந்தவள் மாதிரி. விளிம்பு டேப்பைத் தொட்டு நின்றது. என் எடைக்கு, நான் உட்கார்ந்து, அந்தக் காரில் முதல் தடவையாக.

அண்ணன் எப்போது எழுந்து வந்தான் என்று தெரியவில்லை, பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"அப்ப என் வாரத்துல ஒவ்வொரு தடவையும் நான் திருப்பணுமா?" என்றான்.

"ஆமா. சும்மா விட்டா அது எனக்கு. உனக்கு வேணும்னா நீ திருப்பிக்கோ."

"மறந்துட்டா?"

"எதிர்ல வர்றவன் ஞாபகப்படுத்துவான்."

சாவியைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை, என் வாரம் ஆரம்பம். கார் என்னோடு வரும். இரண்டு இருக்கைதான், ஆள் மூன்று. அண்ணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் பஸ்ல வர்றேன். இவர் அந்தப் பக்கம் உக்காந்து நான் பாத்ததே இல்ல. பாக்கணும்" என்றாள்.

லைட்காரர் ஷட்டரை ஏற்றினார். வெளியே தெருவிளக்குகள் இன்னும் எரியவில்லை. வானத்தில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு மிச்சம். நான் காரைப் பின்னுக்கு எடுத்து, எதிர்க்கடையைப் பார்க்கத் தெருவில் திருப்பி நிறுத்தினேன். எதிர்க்கடையின் மூடிய கதவில் என் வெளிச்சம் நேர்க்கோடாக விழுந்தது. அண்ணன் குனிந்தான், ஒரு காலை வைத்தான், முனகினான், உட்கார்ந்தான். காரின் பின்பக்கம் இறங்கியது. எதிர்க்கதவில் இருந்த கோடு துள்ளி, கடையின் பெயர்ப்பலகைவரை ஏறிவிட்டது. அங்கே நின்று பேசிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டு எங்களை முறைத்தார்.

நான் காரை எடுக்கவில்லை.

"என்ன, கிளம்பு" என்றான் அண்ணன்.

"வெளிச்சம் மேல ஏறிடுச்சு."

"திருப்ப வேண்டியதுதானே."

"உன்னால ஏறினது. நீ திருப்பு."

தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தோம். வழி கேட்டு ஒரு வண்டி ஹாரன் அடித்தது. இன்னொன்றும் சேர்ந்து அடித்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடைபாதையில் நின்ற அண்ணி பஸ் வந்தும் ஏறாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஓட்டையைப் பார்த்தான். வீலைச் சுற்றி மரத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது. முதலில் அதை ஊதினான். பிறகு அந்தப் பெரிய விரலை நீட்டி வீலைத் தொட்டு, கொஞ்சம் திருப்பினான்.

"போதுமா?"

"இன்னும்."

இன்னும் கொஞ்சம் திருப்பினான். கோடு பலகையிலிருந்து இறங்கி, கதவில் பழைய இடத்துக்கு வந்தது. முறைத்தவர் கையை இறக்கினார். நான் கியரைப் போட்டேன். கார் சாலைக்கு வந்ததும் அண்ணன் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"பாத்து ஓட்டு" என்றான்.

"எனக்கு நல்லாத் தெரியுது" என்றேன்.